தேவதாஸ் சுட்ட ட்ரோன்

1

இதைச் சிரிப்புக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மலேசியாவில், ஈஜோக் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் நண்பன் முகுந்தன் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சொன்னான்: பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக் காவல்காரர் தேவதாஸ், பன்றி சுடும் துப்பாக்கியால் ஒரு ட்ரோனைச் சுட்டு வீழ்த்திவிட்டாராம். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

2

தொடக்கம் அ: வானத்தில் பறந்த பன்றியைத் தேவதாஸ் ஒரே வெடியில்—

(வேண்டாம். இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது. அடித்துவிட்டேன், அடித்தது தெரியட்டும்.)

தொடக்கம் ஆ: தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் பின்னால், கூரையில்லாத குளியலறைகளுக்கு மேலே, சில நாள்களாக ஒரு ட்ரோன் வந்து நின்று எட்டிப்பார்த்தது. பெண்கள் குளிக்கவே பயந்தார்கள். தேவதாஸின் அக்கா லில்லியன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"துப்பாக்கிய வச்சிக்கிட்டு பன்னிய மட்டுந்தான் சுடுவியா?"

மனுஷனுக்குச் சுருக்கென்றது.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ட்ரோனை வீழ்த்த வெளிநாட்டுப் பட்டாளங்களிடம் தனித் தோட்டாக்கள் உண்டு என்று தேவதாஸ் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். சிலவற்றில் பொடி ரவைகள் அகலமாகச் சிதறும். சிலவற்றில் வலைகூட விரியும். அவரிடம் இருந்ததோ பன்றித் தோட்டா. உள்ளே பட்டாணி அளவு ஈயக் குண்டுகள். பெரிய குண்டென்றால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறார்.

(அடிக்குறிப்பு. கீழே போட்டால் படிக்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே: பன்றியைப் பரண்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கித்தான் சுடுவார். தவறிய குண்டை மண் வாங்கிக்கொள்ளும். மற்றபடி, பொடி ரவையைப்போலச் சீக்கிரம் ஓயாத அந்தக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று அவர் யோசிக்கவேண்டி வந்ததே இல்லை.)

4

இவ்வளவையும் மிச்சத்தையும் லயத்துக்கே போய்த்தான் விசாரித்தேன். அன்று சாயங்காலம் ட்ரோன் கூரை உயரத்தில் நின்றது. சுட்டார். விழுந்தது. லயமே கைதட்டியது. அந்தச் சத்தத்தில், வாய்க்காலுக்கு அப்பால் செம்பனை மரங்களுக்கு நடுவே யாரோ அலறியது காதில் விழவில்லை.

அங்கே கையில் ரிமோட்டோடு கிடந்தவள் அலீசியா. லில்லியனின் மகள். மாதா கோயில் தேர்பவனியைப் படம்பிடிக்க ஒரு ட்ரோனை இரவல் வாங்கி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டிப்பார்த்த ட்ரோன் வேறு. ஒரு குண்டு அவளுடைய இடது கண்ணில்—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. கடவுளே, நான் சிரிப்பு வசனம் யோசித்துக்கொண்டல்லவா அங்கே போனேன்!

5

இன்று அலீசியாவின் கண்கட்டைப் பிரிக்கும் நாள். ஜாமீனில் வந்த தேவதாஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் லில்லியன், தம்பியின் முகத்தைப் பார்க்காமல். பார்வை திரும்புமா என்று டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லையாம். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் தேவதாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், என்னைய எப்படி வேணும்னாலும் எழுதுங்க. அவளுக்குக் கண்ணு தெரியுற மாதிரி மட்டும் எழுதிடுங்க லா."

அங்கேயே எழுதினேன்.

முடிவு அ: கட்டைப் பிரித்தார்கள். அலீசியா வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். "மாமா, ஏன் ஷேவ் பண்ணல?" என்று கேட்டாள்.

வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை படிக்கும்போது லில்லியன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போது தாதி கதவைத் திறந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். அவர்கள் போனார்கள். நான் வராந்தாவிலேயே இருந்து அடுத்த தலைப்பை எழுதினேன்.

முடிவு ஆ:

(இதை நான் எழுதமாட்டேன். உங்களால் முடிந்தால் எழுதுங்கள். எழுதியதை அவர்கள் இருவருக்கும் நீங்களே வாசித்துக் காட்டவேண்டும்.)