மொந்தெகரோவின் மிக மூத்தவர்

எங்கள் இத்தாலிய மொழியில் யாருக்கும் வயது ஆவதில்லை. வீட்டையும் கோழியையும் வைத்திருப்பதுபோல ஆண்டுகளை வைத்திருக்கிறோம். எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேட்டால், ஓர் எண்ணும் ஒரு பயனிலையும் கொண்ட முழு வாக்கியம் விடையாக வர வேண்டும். மொந்தெகரோ பள்ளியில் ஓய்வுபெறும்வரை இதைத்தான் கற்பித்தேன். கற்றவர் எவருமில்லை. இவ்வூரில் வயதைக் கேட்டால், "நீங்க எத்தனை கொடுப்பீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டவர், கண்ணுக்குத் தெரிவதில் பத்தையாவது குறைத்துக் கொடுத்தாக வேண்டும். பெற்றவரும் கூச்சமின்றி அதை எடுத்துக்கொள்வார்.

சென்ற ஆகஸ்டுத் திருவிழாவில் இந்த ஒழுங்கீனம் எல்லை மீறியது.

விழாவன்று, பெருஞ்சீரகமும் பூண்டும் திணித்து வாட்டிய முழுப் பன்றியைச் சதுக்கத்து மேடையில் கிடத்துவார்கள். ஊரின் மிக மூத்தவர் முதல் துண்டை அறுப்பார். தம் வயதை அவரவர் வாயாலேயே, மேயர் கேட்க, ஊர் முன்னிலையில் சொல்ல வேண்டும். நகராட்சிப் பதிவுகளைப் புரட்டுவது பிறர் உள்ளாடைப் பெட்டியைத் திறப்பதற்குச் சமம் என்பது இங்குள்ளோர் கருத்து. இதுவரை ஒரு பெண்ணும் அந்தக் கத்தியைத் தொட்டதில்லை. தடை ஏதுமில்லை, எந்தப் பெண்ணும் மேடையில் வயதைச் சொன்னதில்லை, அவ்வளவே.

எர்மீனியா தஸ்ஸோனி அந்தக் கத்தியைப் பிடித்தே தீர்வதென்று முடிவு செய்திருந்தார். அவர் என் தாயாருடன் ஒரே பெஞ்சில் படித்தவர்; வயது தொண்ணூற்று நான்கு. அவருக்குப் போட்டி, தொண்ணூறு வயதான முன்னாள் பேருந்து ஓட்டுநர் ஒரேஸ்தே மட்டுமே. விழா நாள் காலையில் வயதைச் சொல்லிப் பழக எர்மீனியா என் வீட்டுக்கு வந்தார்.

"கேளுடா தம்பி."

"உங்களுக்கு எத்தனை வயசு?"

"தொண்ணூத்தி நாலு."

"முழு வாக்கியமாச் சொல்லுங்க."

"பன்னி வெட்டப் போறேன்டா, பரீட்சைக்கா போறேன்?"

மாலையில் நீல உடையும் உதட்டுச் சாயமுமாக மேடை ஏறினார். மேயர் நட்சரேனோ ஒலிபெருக்கியில் வினவினார்: "சிஞ்ஞோரா எர்மீனியா, உங்களுக்கு எத்தனை வயசு?"

கீழே நின்ற நான், அவருக்கு உதவியாக, 'தொண்' என்று உதடு குவித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், பின்பு கை தானாகவே உயர்ந்து தலைமுடியைச் சரிசெய்தது.

"நீங்க எத்தனை கொடுப்பீங்க, மேயரே?"

மேயர் நல்ல தாய் வளர்த்த பிள்ளை. யோசிக்காமலேயே, "எழுவதுக்கு மேல ஒண்ணுகூட கிடையாது!" என்றார்.

"எழுவதா? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்று கத்தினார் கசாப்புக்காரர். "அறுபத்தெட்டு!"

"அறுபத்தஞ்சு! அந்தத் தோலைப் பாருங்கய்யா!" இது மருந்துக்கடைக்காரர்.

சதுக்கம் கைதட்டியது. எர்மீனியா மலர்ந்து, குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது கத்தி கண்ணில் பட, முகம் வாடிவிட்டது. ஊரார் கொடுத்த ஆண்டுகளை அவர்கள் முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் ஊரில் நடவாத காரியம். மேயரும் அறுபத்தைந்து என்றே அறிவித்தார்.

அடுத்து மேடை ஏறிய ஒரேஸ்தே 'தொண்ணூறு' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கத்தி அவருடையது. ஆனால் அந்தக் கைதட்டல் அவர் காதில் ஏறிவிட்டது. தொந்தியை உள்ளிழுத்து நின்று, "அப்ப எனக்கு எத்தனை?" என்றார்.

"அறுபது! பொண்ணு பாக்கலாம்யா உனக்கு!"

அவர் மீசையை நீவியபடி முழுத் திருப்தியுடன் இறங்கிப்போனார்.

திகைத்துப்போன மேயர், "அறுபத்தஞ்சுக்கு மேல வேற யாராவது இருக்கீங்களா?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

இதற்குமேல் பொறுப்பது என் தொழிலுக்கே இழுக்கு. "எழுபத்தொன்று!" என்று கத்தினேன். "நான் எழுபத்தோர் ஆண்டுகள் வைத்திருக்கிறேன்! எழுவாய் உண்டு, எண் உண்டு, பயனிலை உண்டு!"

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள்.

"அடப் பாவமே, இவ்வளவு வயசாயிருச்சா!" என்று ஒரேஸ்தே எழுந்து தம் நாற்காலியை எனக்குத் தந்தார்.

எர்மீனியா மேடையிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்து என் முழங்கையைப் பற்றினார். "பாத்து ஏறுங்க பெரியவரே, படி இருக்கு."

"என்ன பேச்சு இது? எங்க அம்மாவோட நீங்க..."

"ஆமா, ஆமா. அவருக்கு அம்மா ஞாபகம் வந்திருச்சு, பாவம்," என்றார் கூட்டத்தைப் பார்த்து.

மேயர் மரியாதையோடு கத்தியை என்னிடம் நீட்டினார். சினத்தால் என் கை நடுங்கியது. சினத்தால் மட்டுமே என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"கை எப்படி உதறுது பாருங்க மேயரே! இந்த வயசுல இவர் கையில கத்தி கொடுக்கலாமா? சின்னவ நான் எதுக்கு இருக்கேன்?"

"நியாயம்தான்," என்றார் மேயர். ஊரும் ஆமோதித்தது.

எர்மீனியா கத்தியை வாங்கி, கைப்பிடியை இருமுறை புரட்டிப் பார்த்து, பன்றியின் விலாவில் இறக்கினார். மொறுமொறுத்த தோல் முறியும் ஒலி கடைசி வரிசைவரை கேட்டது. துண்டு தடிமனாக, நேராக விழுந்தது.

"அடுத்த வருஷமும் பெரியவரை நானே கூட்டிட்டு வர்றேன்," என்றார் மேயரிடம், கத்தியைக் கீழே வைக்காமலேயே.