நுழைவுத் தேர்வில் என் முகம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் டிராயிங் மிஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் பாய் விரித்து, இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரமாக ஒரு குடிசை என்று சொல்லிக்கொடுப்பேன். எங்கள் ஊரில் மலையே கிடையாது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் உண்டு. அதை நான் வரைந்ததே இல்லை. பார்க்காமல் வரைந்த அந்த மலைக்கே பிள்ளைகளின் அம்மாக்கள் "சண்முகப்ரியா மிஸ் கை பட்டா அழகுதான்" என்று புகழ்ந்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

என்னிடம் சின்ன வயதிலிருந்து வரும் தமன்னா, இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் படிப்புக்கு என் வீட்டில் உட்கார்ந்துதான் விண்ணப்பித்தாள். போனில் விவரங்களைப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மிஸ், இதுக்கு வயசு வரம்பே இல்ல. நீங்களும் போடுங்களேன்."

"நாப்பத்தி மூணு வயசுலயா?"

"பிளஸ் டூ பாஸ் பண்ணியிருந்தா போதுமாம்."

பாஸ் பண்ணியிருந்தேன். வேறு தகுதி எதுவும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டுவிட்டேன்.

என் கணவர் பாலகுமாருக்குச் சுரங்கத்தில் வேலை. ஷிப்ட் முடித்து வந்து சாப்பிடும்போது சொன்னேன்.

"சீட் கெடச்சா என் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார்.

'கெடச்சா' என்ற அந்தச் சந்தேகத்துக்காக அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

தேர்வன்று தமன்னா ஜீன்ஸும் பழைய குர்தாவும் போட்டு வந்தாள். நான் அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, ஜிமிக்கி. கலைஞர் என்றால் பார்த்ததும் தெரிய வேண்டாமா? வடலூரும் கடலூரும் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் புடவை கசங்கியது. தமன்னாவை முன்னால் அனுப்பிவிட்டு, கழிவறைக் கண்ணாடி முன் நின்று மடிப்பைச் சரிசெய்தேன். அதில் நேரமாகிவிட்டது.

தேர்வு அறை வாசலில் ஓர் இளம் விரிவுரையாளர் தவித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க."

உள்ளே திரும்பி, "மாடல் வந்தாச்சு" என்று குரல் கொடுத்தார். எனக்கு அது "மேடம் வந்தாச்சு" என்று கேட்டது. அறை நடுவே ஒரு மேடை, அதன்மேல் நாற்காலி. மற்றவர்கள் எல்லாம் சுற்றிலும் பலகை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வயதுக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன்.

"முகத்த கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்கம்மா."

திருப்பினேன். எல்லாருக்கும் தாள் இருந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"பேசாதீங்கம்மா, வாய வரைஞ்சிக்கிட்டு இருக்காங்க."

அப்போதுதான் உறைத்தது: அவர்கள் வரைவதற்கு உட்காரும் மாடல் நான்தான். எதிரே தமன்னா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். எழுந்துவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் சுற்றியுள்ள அத்தனை தாளிலும் நான் பாதி உருவாகியிருந்தேன். நான் எழுந்தால் அவளுடைய படமும் போச்சு. மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டேன்.

அசையாமல் இருந்ததில் தமன்னா வரைவதை நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டி, என் முகத்தை அளந்துகொண்டிருந்தாள். என் வகுப்பில் அவள் அப்படிச் செய்தபோதெல்லாம் "விளையாடாதே" என்று திட்டியிருக்கிறேன்.

மணி அடித்ததும் கைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

"சார், நானும் எக்ஸாம் எழுதத்தான் வந்தேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்க மேடம்! வர்றேன்னு சொன்ன மாடல் வரவே இல்ல. நீங்க இருந்த அலங்காரத்தப் பார்த்து..." என்று நிறுத்திக்கொண்டார்.

மதியம் எனக்குத் தனியாகத் தேர்வு வைத்தார்கள். மாடலுக்கு ஆள் இல்லாததால் அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். பாவம், கவலையில் நொந்துபோன முகம். என் கையோ பழக்கத்தில் மீன் மாதிரி இரண்டு கண்ணும் ஒரு புன்னகையும் போட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே புன்னகையே இல்லை. அழித்தேன். மறுபடி அழித்தேன். தாள் கிழிந்தது. இரண்டாவது தாளில்தான் முதல்முறையாக ஒரு மனிதரைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மூக்கை முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். "மூக்கு என்னுதுதான் மேடம்."

"மத்ததெல்லாம்?"

"யாருதுன்னு தெரியல."

தமன்னாவுக்குச் சீட் கிடைத்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டு முறை மேலிருந்து கீழ் தேடினேன். அச்சுப்பிழையாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அழுகை வந்தது. பாலகுமார் கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். அவர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம், "வீட்டுல இருக்கறவங்கள உட்கார வெச்சு, பார்த்து வரைஞ்சிட்டு வாங்க" என்றேன். மறுவாரமே, வகுப்புக்கு வரும் ஒரு சிறுமியின் அம்மா சாமியம்மாள், மகளின் நோட்டோடு வந்து நின்றாள். அவள் கணவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை.

"இன்னா மிஸ் இது? எங்க வூட்டுக்காரரு டிவி பாத்துகினு இருந்தாரு. வயித்த இம்மாம் பெருசா வரைஞ்சி வெச்சிருக்கா! அவரு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்காரு. பழையபடி மலையே சொல்லிக் குடுங்க."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். லுங்கிக்கு மேல் வயிறு சரிந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பொறாமையோடு பார்த்தேன்.

"வயிறு ரொம்ப சரியா வந்திருக்குங்க" என்றேன்.

சாமியம்மாள் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.