கால் புதையாத இடம்

ஏரியில் கால் புதையாத இடம் எது என்று அம்மா கேட்டபோது நான் குழாயடியில் சிரிஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலையில் அவளுக்கு முழுக்கு ஞானஸ்நானம். எனக்கும் மறுநாள்தான் ஏரியில் அளவெடுக்கும் நாள். பெருங்களத்தூரைச் சுற்றி இத்தனை ஏரி இருக்க, பாஸ்டர் ஏசுபாதத்துக்கு என் ஏரிதான் கிடைத்ததா என்று எரிச்சலாக வந்தது. "இடுப்பளவு தண்ணி வேணுமாம், சேறு இருக்கக் கூடாதாம். எம்பொண்ணு ஜெரூஷா அந்த ஏரியிலயே பழியா கெடக்கறா, அவளைக் கேட்டாப் போச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள். ஏதோ எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மாதிரி பெருமை வேறு.

கூடத்தில் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் சத்தம் நின்றது. எட்மண்ட் சார் என்றால் தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர், மீதிப் பேரோடு சர்ச் கமிட்டியில் சண்டை போட்டவர். "இடம் காட்டினேன்னா நீயும் அந்தக் கட்சிதான்" என்றார் என்னைப் பார்க்காமல்.

எங்கள் சபையில், பிறந்த சில மாதங்களிலேயே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். வளர்ந்த பிறகு வேறு சபையில் போய் முழுகி எழுந்தால் முதலில் வாங்கியது செல்லாது என்று நாமே சொன்ன மாதிரி. சபைப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் போய்விடும். அப்பாவின் கவலையெல்லாம் அதுதான். தாத்தாவைப் புதைத்த இடத்தைத் தனக்கும் அம்மாவுக்கும் என்று எழுதிக் கேட்டு, நடையாய் நடந்து வாங்கி வைத்திருந்தார். மெட்ராஸில் உயிரோடு இருப்பவர்களுக்கு மேடவாக்கம், அஸ்தினாபுரம் என்று எங்கேயாவது ஒரு ஃபிளாட் கிடைத்துவிடும். செத்தவர்களுக்குத்தான் இடமே கிடையாது.

"எங்க பொதைச்சா என்னங்க? கடைசி நாள்ல எல்லாரும் எழுந்துக்கத்தானே போறோம்" என்றாள் அம்மா.

"எழுந்ததும் பக்கத்துல யாருன்னு பாக்க வேணாமா? யாரோ ஒருத்தி உக்காந்திருந்தா நான் என்ன பண்றது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. அவர் நிஜமாகவே கேட்டார். நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவருக்கு மண்ணுக்குள் தனியாகப் படுக்கப் பயமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா மசியவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போன அன்று, பிழைத்து வந்தால் முழுகுகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பொருத்தனை பண்ணியிருந்தாள். பிழைத்தும் வந்துவிட்டாள். கடவுளிடம் போய் வாய்தா கேட்கிற ஆள் இல்லை அவள்.

நான் இடத்தைச் சொன்னேன். மதகுக்குப் பக்கத்தில், என் மூன்றாவது தொட்டி மிதக்கிற இடம். காட்டாமல் விட்டால் அவர்கள் பாட்டுக்கு எங்கேயாவது இறங்கிவிடுவார்கள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது.

நான் செய்கிற வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இலையும் ஆகாயத்தாமரையும் காற்றிலிருந்து கார்பனை எடுத்து வளர்கின்றன. செத்து அடியில் படிகின்றன. அடிச்சேற்றில் பிராணவாயு கிடையாது. அங்கே பிழைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிட்டு மீத்தேனை விடுகின்றன. அது குமிழியாகக் கிளம்பி மேலே வருகிறது. இரண்டு வரிக்கு மேல் போய்விட்டது. அப்பாவின் சிநேகிதர்கள் கேட்டால் ஏரி விடுகிற ஏப்பத்தை அளக்கிறேன் என்பேன். லாரி டியூபில் கவிழ்த்துக் கட்டிய பிளாஸ்டிக் தொட்டிகள் தண்ணீரில் மிதக்கும். உச்சியில் ரப்பர் மூடி. அதில் ஊசியைக் குத்தி உள்ளே சேர்ந்த வாயுவை இழுத்துக் குப்பியில் அடைக்க வேண்டும். சேற்றில் காலை வைத்தால் தீர்ந்தது, அடைந்து கிடக்கிற வாயுவெல்லாம் கிளம்பி அன்றைய அளவு பாழ். அதனால் கிட்டவே போகாமல், ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிற தாமோதரன் அண்ணனின் தெர்மாகோல் மிதவையில் போய் வருவேன். மதகுப் பக்கம் முழுக்க மணல். ஒன்றும் தராத இடம். மற்ற இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அங்கே ஒரு தொட்டி.

சனிக்கிழமை காலையில் கரையில் இருபது பேர் தப்பட்டையும் கிட்டாருமாக நின்றார்கள். "இன்னா ஜெரூசாம்மா, டெய்லி நீ ஒண்டியா வந்து காத்து புட்ச்சினு போவ. இன்னிக்கு சொந்தபந்தம்லாம் கூட்டினு வந்துகீறியே" என்றார் தாமோதரன். அவர் வலைக்கு அன்று லீவு. அம்மா வெள்ளைப் புடவையில் குழந்தை மாதிரி நின்றாள். அப்பா வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். அப்படித்தான் நினைத்தேன். பாட்டு ஆரம்பித்த பிறகு திரும்பிப் பார்த்தால், ஏரிக்கரை மேல், அயர்ன் பண்ணிய சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

பாஸ்டர் முதலில் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா. நாலாவது எட்டில் பாஸ்டர் தடுமாறினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடத்தை நான் மூங்கில் விட்டுப் பார்த்தது 2005 மழைக்கு முன்னால். வெள்ளம் வடிந்த பிறகு வடக்கே புது ஃபிளாட்டுகளில் ஆள் குடியேறி, அவர்கள் கழிவுநீரெல்லாம் மதகுப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தொட்டியின் அளவு இரண்டு மாதமாக ஏறிக்கொண்டே போனது. ரப்பர் மூடி சரியில்லை என்று மூடியை மாற்றினேனே தவிர, கீழே என்ன படிந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

"அம்மா, நில்லு!" என்று கத்தினேன். தப்பட்டைச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? அம்மாவைச் சுற்றித் தண்ணீர் கொதித்தது. நிஜமாகவே உலை கொதிக்கிற மாதிரி, கட்டி கட்டியாகச் சேறு உடைந்து குமிழிகள் பொத்துக்கொண்டு வந்தன. "அல்லேலூயா! ஆவியானவர் எறங்கிட்டார்!" என்று கரையே ஆர்ப்பரித்தது. பாஸ்டருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் அம்மாவைப் பின்பக்கமாகச் சாய்த்து முழுக்கினார். முழுக்கியவரால் தூக்க முடியவில்லை. அம்மாவின் கால் இரண்டும் சேற்றில் மாட்டியிருந்தன. தூக்குகிற வேகத்தில் அவர் இன்னும் கீழே போனார். தண்ணீருக்கு மேலே அம்மாவின் ஒரு கை மட்டும் தெரிந்தது.

"யூனிஸ்!"

அப்பா கரையிலிருந்து ஓடிவந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. ஷூவைக் கழற்றவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. மதகுக் கல்லில் பாசி. அப்படியே வழுக்கித் தலைகுப்புற விழுந்து, முழுசாக உள்ளே போய், அம்மாவைப் பிடித்தபடி மேலே வந்தார். நான் சுடிதாரோடு குதித்துவிட்டேன். தாமோதரன் மிதவையைக் குறுக்கே தள்ளி, "புடி சார், கெட்டியா புடி, அம்மாவ வுட்றாத" என்று கத்தி எல்லாரையும் கரைக்கு இழுத்தார்.

தப்பட்டை நின்றுவிட்டது. அம்மா இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். அப்பா தலையிலிருந்து சேறு கறுப்பாக வழிந்தது. பாஸ்டர் ஏசுபாதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல, "ஸ்தோத்திரம், ஐயா" என்றார்.

"நான் வழுக்கி விழுந்தேன். இதெல்லாம் முழுக்குக் கணக்குல வராது."

"சரிங்க. வழுக்கிதான் விழுந்தீங்க" என்றாள் அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

அன்று முழுக வந்திருந்த மற்றவர்களை வேறு இடத்தில் முழுக்கலாம் என்று பாஸ்டர் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் மதகின் மேல் உட்கார்ந்திருந்தோம். இடம் காட்டியது நான். இருவரும் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மூன்றாவது தொட்டி சாய்ந்து கிடந்தது. அப்பாவின் வலது காலில் ஷூ இல்லை, ஈரச் சாக்ஸ் மட்டும் தொங்கியது.

"நாளைக்கு நம்ம சர்ச்சுல ஆயர் கேப்பாரு" என்றார்.

"கேக்கட்டும்."

அப்பா தண்ணீரைப் பார்த்தார். பாஸ்டரும் அம்மாவும் அவரும் நின்ற இடத்தில் இன்னும் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

"ஜெரூஷா, சேத்துக்குள்ள போனது எப்ப மக்கும்?"

"சீக்கிரம் மக்காதுப்பா. காத்து போகாத இடம். ரொம்ப காலம் அப்படியே கெடக்கும்."

"அப்படியேவா?"

"கிட்டத்தட்ட அப்படியே."

அவர் குனிந்து இடது ஷூவின் லேஸை அவிழ்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது, நேரம் ஆனது. பாலிஷ் இன்னும் முழுசாகப் போகவில்லை. சட்டை நுனியால் அதைத் துடைத்தார்.

"ஒத்தையா அங்க கெடந்து அது என்ன பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி, முதல் ஷூ போன இடத்தைப் பார்த்துப் போட்டார்.

கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு உள்ளே இறங்கியது. குமிழிகள் முதலில் கூட்டமாக வந்தன, பிறகு ஒவ்வொன்றாக. அம்மா அப்பாவின் ஈரச் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.