பிடரிச் சிக்கு

தண்ணீர் பட்டால் சிக்கு இளகிவிடும் என்று வித்யாலட்சுமிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. தன் தலைமுடிக்குச் செய்வதையே பூனைக்கும் செய்தாள், அவ்வளவுதான். தொம்மலூர் வீட்டுக் குளியலறையில் ராணியை வாளிக்குள் அமுக்கி ஷாம்பு போட்டுத் தேய்த்ததில், பிடரியில் இருந்த சிக்கு இளகுவதாவது, கம்பளித் துண்டாக இறுகிப்போனது. அதற்குள் அவள் முன்னங்கைகள் முழுக்க ரத்தக் கோடுகள்.

ராணி அவள் மாமியார் அம்புஜத்தின் பெர்ஷியன் பூனை. அம்புஜம் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து அதன் மேல் சீப்பு படவில்லை. வித்யாவை அது கிட்டவே விடாது. இன்று சாயங்காலம் ரகு தன் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். வந்ததும் அத்தை முதலில் தடவிப் பார்ப்பது இந்தப் பிடரியைத்தான். மருமகளை ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், பூனையிடம் சொல்வாள். வருஷக்கணக்காக எல்லாமே பூனையிடம்தான். "பாத்தியாடி ராணி, இன்னிக்கும் சாம்பார்ல உப்பில்ல." "பேரன் பாக்குற கொடுப்பினை நமக்கு எங்கடி இருக்கு?"

சீப்பை மாட்டி இழுத்தாள். ராணி அலறிக்கொண்டு அவள் கட்டைவிரலில் பல்லை இறக்கியது. வித்யா அதைத் தரையோடு அமுக்கி, ஓங்கி ஓர் அறை விட்டாள். இன்னொன்று. "உப்பில்லையா? சொல்லுடி, உப்பில்லையா?" அந்தக் கத்தல் தன்னுடையதுதான் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. சமையலறைக் கத்தரியை எடுத்து, சிக்கை இழுத்துப் பிடித்து வெட்டினாள். சிக்கோடு தோலும் எழும்பி வரும் என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது. வெள்ளை மயிரில் சிவப்பு பரவியது. ராணி திமிறிக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்தது. மஞ்சளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள், உறுமியது. ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடித்தபோது சுகமாக இருந்தது நினைவுக்கு வந்ததும் எழுந்து போய்க் கத்தரியைக் கழுவினாள்.

சாயங்காலம் அம்புஜம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். ரகு மருந்து வாங்கக் கீழே போய்விட்டான்.

"ராணி எங்க?"

"கட்டிலுக்கடியில, அத்தை."

அம்புஜம் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. பிறகு தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். படுத்தே கிடந்ததில் பின்னந்தலை முடியெல்லாம் ஒரே கட்டியாகத் திரண்டிருந்தது.

"மொட்டையடிச்சிடலாம்னு நர்ஸ் சொன்னா. வேணாம், என் மருமக பொறுமையா எடுத்துடுவான்னு சொல்லிட்டேன்."

நேராக வித்யாவைப் பார்த்தே சொன்னாள். சொல்லிவிட்டுக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

சீப்பு உள்ளே நுழையவே இல்லை. வித்யா கத்தரியை எடுத்து வந்தாள். கழுவியும் அதன் திருகாணியில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. முடிக்கட்டியை இழுத்துப் பிடித்தாள். அடியில் தோல் மெல்ல எழும்பியது.

கட்டிலுக்கடியிலிருந்து ராணி உறுமியது. அம்புஜம் திரும்பினாள். கத்தரியைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையின் கீறல்களைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். அவள் விரல்கள் மட்டும் வாக்கரின் கம்பியை இறுகப் பற்றியிருந்தன.