வத்தக்குழம்பு வந்த வழி

“ஆன்ட்டி, அந்த வீடியோவை வெளியில விடச் சொல்லி நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்.”

சோபாவில் உட்கார்ந்தும் உட்காராததுமாக வான்மதி கேட்டுவிட்டாள். வரும் வழியெல்லாம் வேனை ஓட்டிக்கொண்டே அப்பா நஞ்சுண்டன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “என்ன வேணாலும் பேசு கண்ணு. அந்த வீடியோவ மட்டும் வாயெடுத்துக் கேட்டறாத. நாளைக்கு அவிங்க மொகத்துல முழிக்கோணுமல்லோ? ஆர்டர் போச்சுன்னா நம்ம பொழப்பு?”

விசாலாக்ஷி ஆன்ட்டி நீட்டிய முறுக்குத் தட்டு பாதி வழியில் நின்றது. அவர் கணவரும் ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவருமான பாலசுப்ரமணியன் இருமினார். செயலாளர் காமாக்ஷியும் பொருளாளர் சிவராமகிருஷ்ணனும் ஆளுக்கொரு போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கூடியிருந்தது வேறு காரியத்துக்கு. வெஸ்ட் வின்ட்சரைத் தாண்டியிருக்கும் அந்த அமெரிக்கச் சிற்றூரில் போலீஸைக் கண்காணிக்க ஒரு குழு உண்டு. அதில் ஓர் இடத்துக்கு இந்த முறை ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். வான்மதி நிற்கிறாள். எதிரே நிற்பவர் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட். தமிழர் ஓட்டு சங்கம் கைகாட்டும் பக்கம் விழும். எந்தப் பக்கம் கைகாட்டுவது என்பதுதான் சங்கத்துக்கே தெரியாது. பொங்கல் விழாவில் சார்ஜென்ட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மனிதர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் சுற்றிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். இப்போது வான்மதிக்காக இன்னொரு பொன்னாடை டீப்பாயின் மேல் மடித்து வைத்திருக்கிறது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

“அந்த வீடியோ எதுக்கும்மா இப்போ? அது ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். முடிஞ்சு போச்சு,” என்றார் பாலசுப்ரமணியன். “நீ காலேஜ்ல என்ன மேஜர் சொன்னே? கிரிமினல்…”

“கிரிமினல் ஜஸ்டிஸ், அங்கிள்.”

“பாரு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தா இவ்ளோ கோபம் வந்திருக்காது.”

அறை சிரித்தது. வான்மதி சிரிக்கவில்லை. காங்கேயத்திலிருந்து ஓட்டல் சமையல்காரராக வந்து, பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கிக் கேட்டரிங் செய்து, அண்டா கழுவிய கையால் பீஸ் கட்டி அவளைப் படிக்கவைத்தவர் நஞ்சுண்டன். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். படிப்பைக் கேலி செய்தால் வேனைக் கேலி செய்வதுபோல இருந்தது.

முடிந்துபோன விஷயம் இதுதான். போன நவராத்திரிக்கு இதே வீட்டில் கொலு, ராத்திரி விருந்து. விசாலாக்ஷியின் வத்தக்குழம்பு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். “எங்க மாமியார் கும்பகோணத்துக் கைப்பக்குவம்” என்பார். அந்தக் கும்பகோணம் நஞ்சுண்டனின் வேனில் வரும். விருந்தாளிகள் கண்ணில் படாமல் சைடு கேட் வழியாக வந்து, அடுக்களைக் கதவோரம் வைத்துவிட்டு ஓசையில்லாமல் போய்விட வேண்டும் என்பது ஆன்ட்டியின் உத்தரவு. இது அவர் கணவருக்கும் தெரியாது. செத்துப்போன அம்மாவின் கை மணம் மனைவிக்கு வந்துவிட்டதென்று ஒவ்வொரு கொலுவுக்கும் கண் கலங்கிச் சாப்பிடுகிறவர் அவர்.

அன்று, புதிதாக மாட்டிய கேமரா அவர் போனில் அலறியது. கொல்லைப்பக்கம் தொப்பி போட்ட ஆள் ஒருவன் பதுங்கிப் பதுங்கிப் போகிறான். பதுங்கச் சொன்னது தன் மனைவிதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 911-ல் போலீஸைக் கூப்பிட்டார். குழம்பு உள்ளே போய்விட்டது, குழம்பு கொண்டுவந்தவர் புல்தரையில் குப்புறக் கிடந்தார், கையில் விலங்கு. முறுக்கிய மணிக்கட்டு இன்றைக்கும் பெரிய கரண்டி பிடித்தால் நடுங்குகிறது. ஜன்னலில் கூடி நின்றவர்களைப் பார்த்துப் போலீஸ்காரர் கேட்டார், இந்த ஆளை யாருக்காவது தெரியுமா என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. அடையாளம் விசாரித்து விலங்கை அவிழ்ப்பதற்குள் உள்ளே பந்தி முடிந்திருந்தது.

போலீஸ்காரர் சட்டையிலிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. வீட்டு எல்லைக்குள் எடுத்ததால் வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் தர முடியாது என்று காவல் நிலையம் கைவிரித்துவிட்டது.

“போலீஸ் நமக்கு எதிரி இல்லையேம்மா,” என்றார் காமாக்ஷி. “ஸ்பீடிங்ல புடிச்சாக்கூட, சங்கத்து பேரைச் சொன்னா வார்னிங்கோட விட்டுடறாங்க.”

“வீடியோ பேச்சை டிராப் பண்ணிடு,” என்றார் பாலசுப்ரமணியன். “இப்பவே சங்கம் சார்பா எண்டார்ஸ் பண்ணி குரூப்ல போட்டுடறேன். நீ ஜெயிச்ச மாதிரிதான். சீட்டு முக்கியமா, வீடியோ முக்கியமா?”

“அந்த மாதிரி வீடியோவைக் கேட்டு வாங்கறதுக்குத்தானே அங்கிள் அந்த சீட்டு?”

விசாலாக்ஷியின் குரல் குழைந்தது. “உங்கப்பாவே மறந்துட்டாரேம்மா. எங்க வீட்டு உப்பைத் தின்னவர் அவர்.”

“தின்னது நீங்க, ஆன்ட்டி. வருஷா வருஷம். கொலுவுக்கு வத்தக்குழம்பு, வரலக்ஷ்மி விரதத்துக்குப் போளி. போட்டது எங்கப்பா.”

பாலசுப்ரமணியன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். “அது… அம்மாவோட பக்குவம்னு…”

சிவராமகிருஷ்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்க அங்கிள். உங்க வீட்டு தீபாவளி அதிரசமும் அதே வேன்தான். காமாக்ஷி ஆன்ட்டி வீட்டுப் பருப்புருண்டைக் குழம்பும் அதே வேன்தான். எல்லா வீட்டுக்கும் சைடு கேட்டுதான்.” வான்மதி நிறுத்தவில்லை. “அன்னிக்கு ஜன்னல்ல நின்ன அத்தனை பேருக்கும் எங்கப்பாவைத் தெரியும். தெரியும்னு ஒருத்தர் சொல்லியிருந்தா, எப்படித் தெரியும்னு பக்கத்துல நின்னவங்க கேட்டிருப்பாங்க. அதுக்குப் பயந்து ஒரு மனுஷனைப் புல்லுல போட்டுட்டு, அவர் கொண்டுவந்த குழம்பையே ஊத்திச் சாப்பிட்டீங்க. ரெண்டாந்தரம்கூட கேட்டு வாங்கியிருப்பீங்க.”

விலங்கு மாட்டியதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அவள் காத்தாள். பாலசுப்ரமணியன்தான் வாயைத் திறந்தார், மனைவியிடம்.

“எத்தனை வருஷமா விசாலம்?”

அவ்வளவுதான். வான்மதி எழுந்தாள்.

“சனிக்கிழமை லைப்ரரியில கேண்டிடேட் மீட்டிங். வீடியோ இல்லேன்னா பரவாயில்ல, வாயாலயே சொல்றேன். மெனுவோட.”

“பைத்தியமா? நம்ம ஓட்டு ஒண்ணுகூட விழாது,” என்றார் சிவராமகிருஷ்ணன். “உங்கப்பாவுக்கு ஒரு ஆர்டரும் வராது.”

“சார்ஜென்ட்டுக்கே போடுங்க. துண்டுதான் ஏற்கெனவே கட்டியாச்சே. ஆர்டர் வரலேன்னா அன்னிக்கு எங்க வீட்ல நாங்க சாப்பிட்டுக்கறோம். நீங்க என்ன பண்ணுவீங்க?”

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சங்கத்தின் மற்ற கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். விசாலாக்ஷி பதறிக்கொண்டு எழுந்தார். “இந்த மூஞ்சியோட முன்னாடி போகாதேம்மா. எல்லாரும் வர்றாங்க. சைடு கேட் வழியா போயிடேன், ப்ளீஸ். உங்கப்பாகூட வேனை அங்கதான் நிறுத்தியிருக்கார்.”

ஆமாம், பழக்கதோஷம். மகளை வேட்பாளராகக் கூட்டிவந்த அன்றும் அவர் அங்கேதான் நிறுத்தியிருந்தார்.

வான்மதி செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, முன்கதவை விரியத் திறந்தாள். படியேறி வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் நடுப்படியில் இறங்கிக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“அப்பா, வண்டிய முன்னால கொண்டாங்க!”