ஓட்டிஸ் கைக்கு வந்த பந்து

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவது மூளையில்லாதவர்கள் வேலை என்பது எங்கள் கோச் டிட்வெல்லின் கொள்கை. டாலஸில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்கு எறிதல்தான் மதம். நான் நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் தருவேன். ட்ரென்ட் அதை வாங்கித் தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறிவான். பந்தோடு ஓடவே பிறந்த ஓட்டிஸ் ரென்ஃப்ரோவோ, ட்ரென்ட் மேல் பாய வருகிறவர்களை நெஞ்சு கொடுத்துத் தடுத்துக்கொண்டிருந்தான்.

"ஓடறதுங்கிறது கறித்தட்டுல வைக்கிற ஊறுகாய் மாதிரிடா. ஓரமா கிடக்கணும்" என்பார் கோச்.

ஜெயித்துக்கொண்டே இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. அரையிறுதியன்று வடக்கேயிருந்து காற்று கிளம்பியது. மைதானத்தில் தொப்பி நிற்கவில்லை, கொடிக்கம்பம் ஊளையிட்டது. ட்ரென்ட் எறிந்த பந்தெல்லாம் எதிரணிக்காரன் மடியில் போய் உட்கார்ந்தது. இடைவேளையில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தோம்.

"கோச், ஒரு தடவை எங்கிட்ட குடுத்துப் பாருங்களேன்" என்றான் ஓட்டிஸ்.

"காத்துக்குப் பயந்தவன் டெக்சாஸ்ல பொறந்திருக்கக் கூடாது. இன்னும் வேகமா எறிங்க!"

மறுபாதி தொடங்கியதுமே ட்ரென்டை இரண்டு தடியன்கள் சேர்ந்து புல்லில் தேய்த்தார்கள். மண்ணைத் துப்பிக்கொண்டு எழுந்து, அடுத்து என்ன செய்வதென்று பேச நாங்கள் கூடியிருந்த வட்டத்துக்கு வந்தான்.

"கோச் என்னடா சைகை காட்டுறாரு?" என்றேன்.

"எறியச் சொல்றாரு. ஆனா கண்ணுலதான் மண்ணாச்சே. எனக்கு ஒண்ணும் தெரியல. ஓட்டிஸ், நீ எடுத்துக்கோ."

எறிவோம், எறிவோம் என்று பயந்து எதிரணி முக்கால்வாசிப் பேரைத் தொலைவில் நிறுத்தியிருந்தது. முன்னால் திறந்த வீடு. ஓட்டிஸ் நுழைந்தான், இடித்தான், போய்க்கொண்டே இருந்தான். அன்று அவனை ஒற்றை ஆள் சாய்த்து நான் பார்க்கவில்லை. கோச் ஓரத்தில் தொப்பியைத் தரையில் அடித்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் முந்தியதும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் வானொலிக்காரரிடம் சொன்னார்: "இந்த ஒரு நாளுக்காகத்தாங்க வருஷம் பூரா எறிஞ்சோம். எல்லாம் திட்டம்." ஊரே நம்பியது. உணவகத்தில் அவருக்கு இலவசமாகப் பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்பு கொடுத்தார்கள்.

இறுதி ஆட்டம் கூரை போட்ட அரங்கத்தில். இலை அசையக்கூடக் காற்றில்லை. கோச் புது மதத்துக்கு மாறியிருந்தார். "நாம ஓடுற அணி. எறியறதெல்லாம் கோழைங்க வேலை." எதிரணி அரையிறுதியைப் பார்த்திருந்தது, மொத்தப் பேரையும் என் மூக்குக்கு முன்னால் குவித்தது. ஒவ்வொரு தடவையும் ஓட்டிஸ் அந்தச் சுவரில் மோதி விழுந்தான்.

"கோச், பின்னாடி ஒருத்தனும் இல்ல. ட்ரென்ட் எறியட்டும்" என்று மூச்சு வாங்கக் கெஞ்சினான் ஓட்டிஸ்.

"போன வாரம் ஓடணும்னே, இப்ப எறியணும்ங்கிறே. மொதல்ல ஒரு முடிவுக்கு வாடா!"

ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றோம்.

திரும்பும் பேருந்தில், அழுக்குப்படாத சீருடையோடு ட்ரென்ட், ஓட்டிஸின் தோளில் பனிக்கட்டிப் பையை அழுத்திப் பிடித்திருந்தான். கோச் முன்சீட்டிலிருந்து ஓட்டுநரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்:

"ஓடறது, எறியறது ரெண்டுமே பழசாயிடுச்சுங்க. அடுத்த வருஷம் பாருங்க, எல்லாமே உதைதான்."