எடை கூடிய கிட்டார்

மரத்தின் பெயரை யாராவது தவறாகச் சொன்னால் டீச்சரின் பழைய கிளாசிக்கல் கிட்டாருக்கு எடை கூடிவிடும். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பின்பலகை ரோஸ்வுட்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்ன அன்று அது மேசையை முறித்துக்கொண்டு தரைக்கு வந்தது. அதன்பின் நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. டீச்சருக்கோ வேறு கிட்டாரில் கை ஓடாது. வருடக்கணக்கில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விரல் மூட்டுகளும் வீங்கத் தொடங்கின. "மடியில வச்சு ஒரு தடவ வாசிச்சுட்டா போதும்" என்பார். உடனே அவருடைய வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விடுவார். அந்த வீட்டுச் செடிகள் தண்ணீர் தாங்காமலே அழுகின.

கடைசியில் இசைக்கருவி பழுதுபார்க்கும் பெண் வந்தாள். ஊரில் அவளுக்கு மூக்கு என்று பெயர். தரையில் குப்புறப் படுத்து, ஒலித்துளைக்குள் சின்ன விளக்கையும் கண்ணாடியையும் விட்டாள். உள்ளே துளி சுரண்டி முகர்ந்தாள்.

"மேல்பலகை ஸ்ப்ரூஸ்" என்றாள். தரை ஓடு பெருமூச்சு விட்டது. "பக்கமும் பின்னாடியும் சைப்ரஸ். வெளியதான் கருப்புச் சாயம்." கிட்டார் லேசாக அசைந்தது. கழுத்து செடார், விரல்பலகை கருங்காலி என்றதும் இரண்டு பேர் தூக்கும் அளவுக்கு இளைத்தது. அதற்குமேல் இறங்கவில்லை.

மேல்பலகையின் அடியில் விசிறிபோல ஒட்டிய சட்டங்களில் ஒன்று மட்டும் வேறாக இருந்தது. "இது தேக்கு" என்றாள். எடை குறையவில்லை. "மரம் சரிதான். எதுலேருந்து எடுத்ததுன்னும் சொல்லணும் போல. பல்லுத் தடம் இருக்கு பாருங்க."

டீச்சர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டே இரண்டு குட்டிப் பற்களின் தடம். பின்னால் நின்ற வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம பாப்பாவோட தொட்டில்!"

கிட்டார் தரையை விட்டு எழுந்தது. நிதானமாக மேலே போய்க் கூரையில் முட்டி நின்றது. மூவரும் வாய் பிளந்து பார்த்தார்கள். அவ்வளவு அழகை அந்த அறை அதற்குமுன் கண்டதில்லை.

"நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப தெரியாம கிட்டார் மேல உட்கார்ந்துட்டேன், உள்ள ஒரு சட்டம் முறிஞ்சுபோச்சு" என்றார் வீட்டுக்காரர், கூரையைப் பார்த்தபடியே. "தொட்டில் கட்டைய அறுத்து, கைய உள்ள விட்டு நான்தான் ஒட்டினேன்."

"தொட்டில் கட்டையக் காணோம்னு பக்கத்து வீட்டுக்காரியோட இத்தன வருஷம் பேசாம இருந்தேனே, பாவி மனுஷா!"

அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கிட்டாரை இறக்கினார். டீச்சர் அதை மடியில் வைத்து, வீங்கிய விரல்களோடு ஒரு பாட்டை முழுதாக வாசித்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலருகே வந்து நின்று கேட்டாள்.

இப்போதும் மாலையில் வாசிக்கிறார். மேலே போய்விடாமல் இருக்க, வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் ஒரு விரலை வைத்திருக்கிறார்.